டைகரும் ஜூலியும்



'வீட்டில் செல்லப் பிராணி: சுகமா, சுமையா?' என்பது இன்றைய அரங்கின் தலைப்பு. சுகம் என்று ஓர் அணியும் சுமை என்று ஓர் அணியும் பேசியாகிவிட்டது. இரண்டு பக்கமும் கைத்தட்டல் கிடைத்தது. இப்போது ஒரு வீட்டுக்குப் போய் வருவோம். கிள்ளானில் ஒரு தாமானில் இருக்கும் வரிசை வீடு. அப்பா, அம்மா, பாட்டி, ஒரு மகள், ஒரு மகன், இரண்டு நாய்கள். ஒரே கூரை, ஒரே சோறு, ஒரே பாட்டியின் ஒரே துடைப்பம். ஆனால் இரண்டில் ஒன்று சுகம், மற்றது சுமை என்று அந்த வீட்டு அப்பா ஒரு தீபாவளிக்குப் பிறகு தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பைத்தான் நாம் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

அப்பாவுக்கு போர்ட் கிள்ளானில் வேலை. லாரி வரவு, லாரி செலவு எழுதும் கணக்கு வேலை. 2019 கடைசியில் அவர்கள் சந்தில் இரண்டு வீடுகளில் திருடன் புகுந்தான். உடனே அப்பாவுக்கு ஒரு யோசனை. அல்சேஷன் கலப்பில் ஒரு குட்டி வாங்கிவிட்டால் திருடன் எட்டிப் பார்ப்பானா? 2020 மார்ச் முதல் வாரத்தில் 1,200 வெள்ளி கொடுத்து எட்டு வாரக் குட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். டைகர் என்று பெயரும் வைத்தார். "இந்தக் காசுக்கு கேட்டுக்கு நல்ல பூட்டாவே போட்டிருக்கலாமே" என்றார் அம்மா. அந்த வாக்கியம் பிறகு பல தடவை அந்த வீட்டில் ஒலித்தது.

ஜூலி வந்த கதை வேறு. 2021இல் ஒருநாள் காலை அம்மா மார்க்கெட்டில் மீன் வாங்கித் திரும்பும்போது, மீன் கடை மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு நிறக் குட்டி கூடவே வந்தது. நான்கு மாதம் இருக்கும். விரட்டினார், நின்றது. நடந்தார், நடந்தது. கார் கதவைத் திறந்ததும் அம்மாவுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டது. விலை எதுவும் இல்லை. நான்கு கெம்போங் மீன்களில் ஒன்று குறைந்ததை விலை என்று சொன்னால் உண்டு.

இப்போது டைகர் நிற்கும்போது பாட்டியின் இடுப்பு உயரம். ஜூலி அதன் வயிற்றுக்கு அடியில் குனியாமலே நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். யார் யாருக்குப் பயப்படுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

காலை ஐந்தரைக்கு அப்பா எழுந்து விளக்கைப் போட்டால், ஜூலி சமையலறை வாசலில் தயார். வால் மட்டுமல்ல, பின்பாதி உடம்பே ஆடும். டைகர் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, முகத்தை மட்டும் நீட்டிப் பார்க்கும். அம்மா சோற்றுத் தட்டுகளை வைத்துவிட்டு நான்கு அடி தள்ளிப் போன பிறகுதான் அது எழுந்து வரும். அதற்குள் ஜூலி தன் தட்டை முடித்துவிட்டு டைகரின் தட்டில் பாதியைப் பார்த்திருக்கும். முப்பது கிலோ நாய், பத்துக் கிலோ நாயிடம் சோற்றை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையை நக்கிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். டைகருக்கு அப்படி இருந்திருக்க முடியாது. அதன் விலா எலும்பை அம்மாதான் முதலில் கவனித்தார். அதன் பிறகு ஒன்றுக்கு முன் வாசலில் சாப்பாடு, ஒன்றுக்குப் பின் வாசலில்.

(சோறு என்றதும் ஒரு வார்த்தை. மிஞ்சிய சாம்பாரையும் கோழிக்குழம்பையும் நாய்க்கு ஊற்றுவது நம் வீட்டுப் பழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். வெறும் சோறும் உப்பில்லாமல் வேக வைத்த கோழியும் கொடுக்கலாம். பாட்டிக்கு இதைப் புரிய வைக்க அந்த வீட்டில் ஆறு மாதம் ஆனது.)

தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் சந்து முனையில் கேட்டாலே ஜூலி கேட் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக் குரைக்கும். கேஸ் தோம்பு கொண்டு வருபவரின் காலைச் சுற்றிச் சுற்றி வரும். இடி இடித்தால் வானத்தைப் பார்த்துத் திரும்பக் குரைக்கும். டைகரோ தோம்பு இறங்கும் 'டங்' என்ற ஓசைக்கே படிக்கட்டுக்கு அடியில் போய்விடும். கிள்ளானில் இடிக்குப் பஞ்சமா? பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையானால் இடிதான். அந்த மாதங்களில் டைகர் மதியம் மூன்று மணிக்கே மூச்சிரைக்கத் தொடங்கும். வானம் இருட்டியதும் உடம்பு நடுங்கும், வாயில் நுரை தள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அப்பாவைப் பார்த்து, "பேரு டைகர், உள்ள எலி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து அப்பா டைகரை மாலையில் வெளியே கூட்டிப் போவதை நிறுத்திவிட்டார். ஜூலியைத்தான் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அடுத்து, முறுக்கு டின் வழக்கு. ஒரு நாள் மாலை பாட்டி கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது சமையலறை முழுக்க முறுக்குத் தூள். டின் உருண்டு கிடக்கிறது. ஜூலி பாட்டியைக் கண்டதும் ஓடி வந்து காலை நக்கியது. டைகர் காதைப் பின்னால் மடித்து, கண்ணைத் தாழ்த்தி, வயிறு தரையில் படப் பதுங்கியது. "மூஞ்சியப் பாரு, திருட்டு முழி" என்று பாட்டி துடைப்பத்தை எடுத்தார். டைகருக்கு நான்கு அடி. மறுநாள் பேத்தி ஜூலியின் மூக்குக்கு மேல் ஒட்டியிருந்த முறுக்குத் துண்டைக் காட்டினாள். அடி வாங்கியது வாங்கியதுதான்.

இந்தத் 'திருட்டு முழி'யைப் பற்றி நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரி ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பதினான்கு நாய்கள். 'இதைத் தின்னாதே' என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டது என்று சில தடவை உண்மையும் சில தடவை பொய்யும் அவரிடம் சொல்லப்படும். முடிவு என்ன? குற்றம் செய்த நாய் அந்த முகத்தைக் காட்டவில்லை. திட்டு வாங்கிய நாய் காட்டியது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்தான் இன்னும் அதிகமாகக் காட்டியது. நாம் குற்றவுணர்ச்சி என்று படிப்பது, 'அடிக்காதே' என்ற கெஞ்சல். பயந்த சுபாவம் உள்ளது எந்த வீட்டிலும் பிறர் செய்ததற்கும் சேர்த்து அடி வாங்குவது இப்படித்தான்.

இனி அந்தத் தீபாவளிக்கு வருவோம். 2020, 2021 இரண்டு தீபாவளிகளும் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் அடங்கியே நடந்தன. 2022 அக்டோபர் 24ஆம் தேதி வந்த தீபாவளி அப்படியில்லை. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அந்தத் தாமானில் வெடி வெடித்தார்கள். வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. ஐம்பது பேர் வந்து போகிறார்கள். ஜூலி நாற்காலிகளுக்கு இடையில் புகுந்து இறைச்சித் துண்டு பொறுக்குகிறது. டைகரைப் பின்கட்டில் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். எட்டரை மணிக்குப் பின்சந்தில் யாரோ ஒரு சரவெடியைக் கொளுத்தினார்கள். கழுத்துப் பட்டை அறுந்தது. ஐந்தடி மதிலை அந்த 'எலி' ஒரே பாய்ச்சலில் தாண்டியது. விருந்தாளிகள் இருந்ததால் பத்தரை மணி வரை யாருக்கும் தெரியாது.

அன்றிரவும் மறுநாளும் தேடினார்கள். மகள் படத்தை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினாள். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அதிகம் பேசாத பிள்ளை. பள்ளியில் மேடை ஏறச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடும். அவன் அப்பாவின் கார் ஜன்னலிலிருந்து தலையை வெளியே நீட்டி, தொண்டை கட்டும் வரை "டைகர், டைகர்" என்று கத்திக்கொண்டு போனான். அந்தப் பிள்ளை அவ்வளவு உரக்கக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காலை தொலைபேசி வந்தது. இரண்டு தாமான் தள்ளி ஒரு பள்ளியில் காவல் வேலை பார்க்கும் மலாய்க்காரப் பெரியவர். படம் சுற்றிச் சுற்றி அவர் மகனின் கைப்பேசிக்கும் போயிருக்கிறது. பள்ளிக்குப் பின்னால் கால்வாய்க் குழாய்க்குள் ஒரு பெரிய நாய் படுத்திருக்கிறது, வெளியே வர மறுக்கிறது என்றார். அவர் நாயைத் தொடவில்லை. ஆனால் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு குச்சியால் குழாய் வாசலுக்குத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளைகள் கல்லெறியாமல் இருக்க அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டைகரின் இரண்டு முன்னங்கால்களிலும் நகம் பெயர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்த அன்று மாலைதான் அப்பா தீர்ப்பைச் சொன்னார். "திருடனப் பிடிக்கும்னு வாங்குனேன். இது பட்டாசுக்கே ஓடுது. ஜூலி போதும். இத யாராவது தோட்டத்துல கேட்டா குடுத்துடலாம்." கைப்பேசியை எடுத்து எண்ணைத் தேடவும் ஆரம்பித்தார். மகன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். "பயந்தா குடுத்துடுவீங்களாப்பா?" என்று கேட்டான்.

அப்பா கைப்பேசியை மேசையில் வைத்தார். அன்றைக்கு யாரும் அதற்கு மேல் பேசவில்லை.

காலுக்கு மருந்து போட கால்நடை மருத்துவரிடம் போனபோது, அவர் கட்டுப் போட்டுக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது குட்டியா வந்தது எப்போ?" 2020 மார்ச் என்றார் அப்பா. மருத்துவர் தலையசைத்தார்.

நேயர்களே, அந்தத் தலையசைப்பில்தான் விஷயம் இருக்கிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அப்போது டைகருக்குப் பத்து வாரம். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரு குட்டி உலகத்தோடு பழகிக்கொள்ளும் பருவம் ஒன்று உண்டு. ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்காவது வாரத்தில் அது முடிந்துவிடும். அந்த நாட்களில் பார்த்த மனிதர்கள், கேட்ட ஓசைகள், மிதித்த தரை எல்லாம் 'இது ஆபத்தில்லை' என்று மனத்தில் பதியும். பிறகு வருவது எல்லாமே அந்நியம். டைகருக்கு அந்தக் கதவு மூடிய வாரங்களில் கிள்ளானின் தெருக்கள் காலி. விருந்தாளி இல்லை, பாசார் மாலாம் இல்லை, பள்ளிப் பேருந்து இல்லை. அது ஐந்து முகங்களையும் ஒரு காற்றாடியின் ஓசையையும் மட்டும் அறிந்து வளர்ந்தது. ஜூலியோ அதே வயதில் மார்க்கெட்டில் மீன் வெட்டும் கத்தியின் ஓசைக்கும், ஐஸ் கட்டி உடைக்கும் ஓசைக்கும், மிதிக்க வரும் நூறு கால்களுக்கும் நடுவில் பள்ளிக்கூடம் படித்துவிட்டு வந்தது.

அப்படியானால் எல்லாம் வளர்ப்புதானா, பிறவிக் குணம் என்று ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் பெரும் வெள்ளம் வந்தது. நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுகளில் மாட்டிக்கொண்டன. தண்ணீர் ஏற ஏற, கடைசி நேரத்தில்தான் மீட்டார்கள். அதே கூண்டு, அதே வெள்ளம். சில நாய்கள் மறுநாளே எதுவும் நடவாததுபோல் இருந்தன. சிலவற்றுக்குக் கற்றதெல்லாம் அழிந்துபோனது. அப்படிப்பட்ட ஒரு நாய் வெகுநாள் கழித்துத் தேறிய பிறகும், கதவிடுக்கில் கொஞ்சம் தண்ணீர் ஒழுக விட்டதும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது என்று பாவ்லோவ் எழுதி வைத்தார். ஆக, சுபாவமும் வளர்ந்த சூழலும் சேர்ந்துதான் ஒரு நாய். சாதிச் சான்றிதழ்? அதற்குத்தான் பங்கு குறைவு. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு 18,000க்கும் அதிகமான நாய்களின் குணங்களைக் கேட்டறிந்து, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் ஒன்பது விழுக்காடுதான் என்றது. அல்சேஷன் என்று 1,200 வெள்ளி கொடுத்தவர் வாங்கியது காதையும் வாலையும்தான்.

அப்பா வீட்டுக்கு வந்து நீண்ட நேரம் போர்ச்சில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். லயன் வீட்டு வாசலில் எப்போதும் நாய் உண்டு. கருப்பன் போனால் மணி, மணி போனால் இன்னொரு கருப்பன். குரைத்தால் நாய், குரைக்காவிட்டால் அது நாயே இல்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். அதைக் குறை சொல்வதற்கில்லை. அந்த நாய்கள் யாரும் கட்டிப்போடாமல் ரப்பர் மரங்களுக்கிடையே ஓடித் திரிந்தவை. பயந்தால் ஓடி ஒளிய அவற்றுக்கு ஒரு தோட்டமே இருந்தது. இருபதுக்கு எழுபது வீட்டில் சங்கிலியில் நிற்கும் நாய்க்கு ஓட எங்கே இடம்?

மறுவாரமே சங்கிலி கழன்றது. மாடிப்படிக்குக் கீழிருந்த பொருள் அறையில் பழைய பெட்டிகளை ஒழித்து, பாட்டியின் கிழிந்த போர்வைகளை விரித்தார்கள். கதவை மூடுவதில்லை. உள்ளே போவதும் வருவதும் டைகரின் விருப்பம். மகன் கைப்பேசியில் இடியோசையை மிக மெதுவாக ஒலிக்கவிட்டு, டைகருக்குக் கோழித் துண்டு கொடுப்பான். நாள் போகப் போக ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவான். அது காதை மடித்தால் அன்றைக்கு அதோடு சரி. மருத்துவர் சொல்லிக் கொடுத்த முறை இது. கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் மாதக்கணக்கில் செய்ய வேண்டும். பெரியவர்கள் யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. அவனுக்கு இருந்தது.

ஜூலி சும்மா இருக்குமா? டைகருக்கு மட்டும் கோழியா என்று அறை வாசலில் வந்து நின்றது. 2008இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் பிரீடெரிகே ராங்கெ குழுவினர் இதையே சோதித்திருக்கிறார்கள். இரண்டு நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, கை நீட்டச் சொன்னார்கள். ஒன்றுக்குத் தீனி கொடுத்து மற்றதற்கு எதுவும் கொடுக்காவிட்டால், கிடைக்காத நாய் விரைவிலேயே கை நீட்ட மறுத்தது. ஆனால் ஒன்றுக்கு ரொட்டியும் மற்றதற்கு இறைச்சியும் கொடுத்தபோது அது கோபித்துக்கொள்ளவில்லை. தரத்தை அது பார்க்கவில்லை. தன்னை விட்டுவிட்டார்களா என்பதைத்தான் பார்த்தது. ஆகவே ஜூலிக்குப் பிஸ்கட், டைகருக்குக் கோழி என்று ஏற்பாடானது. அதுவரை கேட் திறந்தால் ரோட்டுக்குப் பாய்ந்துகொண்டிருந்த ஜூலிக்கும் 'உட்கார்' பாடம் நடந்தது. பயமில்லாத நாய் சுகம் என்று சொன்னோமே, இரண்டு தடவை மோட்டார் சக்கரத்தில் மாட்டப் பார்த்தது அதுதான். வளர்ப்பவர் தூக்கத்தைக் கெடுப்பதில் பயந்ததும் பயமற்றதும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

2023 தீபாவளி நவம்பர் 12. அந்த வீட்டில் மதியமே இரண்டு நாய்களையும் நெடுந்தூரம் நடக்க வைத்துக் கூட்டி வந்தார்கள். ஐந்து மணிக்கே சாப்பாடு. கழுத்துப் பட்டையில் ஊராட்சி மன்ற உரிம வில்லை, அதன் பக்கத்தில் தொலைபேசி எண் பொறித்த தகடு. பொருள் அறைக்குள் வானொலி. மருத்துவர் எடை பார்த்துக் கொடுத்த மாத்திரை, வெடி தொடங்குவதற்கு முன்பே. (பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதி என்று சிலர் செய்கிறார்கள். அது உயிருக்கே உலை வைக்கும்.) பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் இன்னும் கூடும் என்று முன்பு சொல்வார்கள். இப்போது மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பயம் ஒரு சேட்டை அல்ல, தடவிக்கொடுத்தால் பழகிப்போவதற்கு. அது பக்கத்தில் வந்தால் இடம் கொடுங்கள், போனால் விடுங்கள் என்கிறார்கள்.

டைகர் அன்றும் நடுங்கியது. மூச்சிரைத்தது. இரண்டு மணி நேரம் ஒரு மூலையைப் பார்த்தபடி இருந்தது. ஆனால் நுரை தள்ளவில்லை. கதவு திறந்துதான் இருந்தது, ஓடவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி வந்த தீபாவளியிலும் நடுங்கியது, கொஞ்சம் குறைவாக. அது துணிச்சலான நாயாக மாறிவிட்டது என்று கதையை முடித்தால் கைத்தட்டுவீர்கள். மாறவில்லை. மாறும் என்று மருத்துவரும் சொல்லவில்லை.

அந்த 2024 தீபாவளி இரவில் விருந்தாளி ஒருவர், "எங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டார். அம்மா மாடிப்படிக்குக் கீழே கையைக் காட்டினார். வாசலில் ஜூலி ஒவ்வொரு வெடிக்கும் ஒரு குரைப்பு என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பொருள் அறைக்குள் புதுச் சட்டை கசங்க அப்பா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் டைகரின் தலை. பக்கத்தில் மகன், ஒரு தட்டில் இரண்டு பேருக்கும் இட்லி எடுத்து வந்திருந்தான். "கதவச் சாத்துப்பா, சத்தம் வருது" என்றார் அப்பா. "சாத்தக்கூடாதுப்பா, அது வேணும்னா வெளிய போகணும்" என்றான் அவன்.